நாலாம் நம்பர் முத்திரை

ஊசி என்ற பெயரை அவளுக்கு வைத்தவர்கள் கடையில் உடன் வேலை பார்த்தவர்கள். ஆள் ஒல்லி, பேச்சு குத்தும். பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த டெலிபோன் ரிப்பேர் கடையில் நாலாம் நம்பர் மேசை ஒன்பது வருடம் அவளுடையதாக இருந்தது. கார்ட்லெஸ் போன் எது வந்தாலும், "ஊசிகிட்ட குடுங்க" என்பார்கள்.

அவளுடைய வேலையில் ஒரு வரிசை உண்டு. எவ்வளவு அவசரமென்றாலும் அதை மாற்றமாட்டாள். முதலில் சுவரிலிருந்து லைன் வயரைப் பிடுங்குவாள். அடுத்து அடாப்டர். அதற்கடுத்து ரிசீவரின் முதுகைத் திறந்து பேட்டரியைக் கழற்றித் தனியே வைப்பாள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் திருப்புளியைத் தொடுவாள். புதிதாக வந்த ஒருவன் லைன் வயரோடே பெட்டியைத் திறந்து, அந்த நேரம் பார்த்து மணி அடித்து, கையை உதறிக்கொண்டு எழுந்தபோது, "லைன்ல கை வெச்சிருக்கப்ப யாராவது கூப்பிட்டா, போன் காதுல பேசாது, எலும்புல பேசும்" என்றாள். அவன் அதற்குப்பின் மறக்கவில்லை.

இரண்டாம் நம்பர் மேசையில் இருந்தவரை எல்லோரும் சீனியர் என்று கூப்பிடுவார்கள். கை வேகம். பேச்சு அதைவிட வேகம். வாடிக்கையாளர் நின்றுகொண்டிருக்கும்போதே போனை உயிர்ப்பித்துக் கொடுத்துவிடுவார். முதலாளிக்கு அவர் என்றால் உயிர்.

ஒருநாள் மதியம் ஊசி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஒரு தையல்கார அம்மா செத்துப்போன ரிசீவரைக் கல்லாவில் கொடுத்துவிட்டு, மாலையில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார். சீனியர் அதை நாலாம் மேசையில் உட்கார்ந்தே பிரித்தார். பேட்டரிக்குள் ஒரு சின்னக் காப்புத் துண்டு இருக்கும். பேட்டரி சூடேறினால் மின்சாரத்தை அறுத்துவிடுவது அதன் வேலை. அந்தத் துண்டு கெட்டால் பேட்டரி முழுதுமே செத்தது போலத் தெரியும். பேட்டரியை மாற்ற வேண்டும். சீனியர் மாற்றவில்லை. துண்டை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனையையும் ஒரு கம்பியால் முடிந்து ஈயம் வைத்தார். ஐந்தே நிமிடத்தில் விளக்கு எரிந்தது. வேலை முடிந்த போனில் திருகாணி ஓட்டைமேல் ஒட்டும், அந்தந்த மேசையின் எண் போட்ட வட்ட முத்திரை, மேசை இழுப்பறையில் கைக்கு வந்தது. அதில் நான்கு என்று அச்சிட்டிருந்தது. ஒட்டிக் கல்லாவுக்கு அனுப்பிவிட்டார்.

ஆறு வாரம் கழித்து தையல்கார அம்மா திரும்ப வந்தபோது காதிலிருந்து கழுத்துவரை கட்டுப் போட்டிருந்தது. ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் துணியைத் தள்ளித் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பேட்டரி கொதித்து வெடித்தபோது கையை எடுத்து அதைத் தட்டிவிடுவதற்குள் தோல் போய்விட்டது. உருகிய ரிசீவரைக் கண்ணாடி மேசைமேல் போட்டார். முதலாளி முத்திரையைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார்.

உருகிய ஓட்டை வழியே ஊசியும் உள்ளே பார்த்தாள். கம்பி தெரிந்தது. இரண்டு சுற்று வலப்பக்கம், மூன்றாவது சுற்று இடப்பக்கம் திருப்பி. ஒன்பது வருடம் இரண்டாம் நம்பர் மேசையில் பார்த்த முடிச்சு.

"இது என் கை இல்ல. சீனியர் முடிச்சு. திறந்து பாருங்க" என்றாள்.

"தப்பையும் பண்ணிட்டு அடுத்தவன் தலையில கட்டாத" என்றார் முதலாளி. திறக்கவில்லை.

சீனியர் தலையைக் குனிந்துகொண்டு, ரொம்ப வருத்தப்பட்டவர் போல, "அவளும் கொஞ்ச நாளாவே கவனமில்லாமதான் இருந்தா, பாவம்" என்றார்.

வேலை போனதைக்கூட ஊசி விழுங்கிவிட்டாள். அந்தப் 'பாவம்' தொண்டையிலேயே நின்றுவிட்டது. தையல்கார அம்மா தன்னிடம் துணி தைக்க வந்தவர்களிடமெல்லாம் காதைக் காட்டி, "ஒரு பொம்பள பண்ணின வேலை இது" என்று சொன்னார். கடைத்தெருவில் ஊசி நடந்தால் பேச்சு நின்று, அவள் தாண்டியதும் மறுபடி தொடங்கியது. வேறு எந்தக் கடையும் அவளைச் சேர்க்கவில்லை. வீட்டு ஜன்னலோரம் ஒரு மேசை போட்டுக்கொண்டாள். வீட்டுக்காரர், "விட்டுத் தொலை, காலம் எல்லாத்தையும் மாத்தும்" என்றார். "காலம் மாத்தட்டும். நான் விடறதா இல்ல" என்றாள்.

முதல் வருடம் யாரும் வரவில்லை. பிறகு சீனியர் கைவேகத்தில் உயிர்பெற்ற போன்கள் மூன்று மாதத்தில் மறுபடி செத்து, வேறு வழியில்லாமல் அவள் ஜன்னலுக்கு வரத் தொடங்கின. இரண்டாம் நம்பர் முத்திரை ஒட்டிய போன் என்றால் ஊசியின் கண் விரியும். திறந்து, கம்பியை முடிச்சு அவிழாமல் வெட்டியெடுத்து, முத்திரையோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போடுவாள். தேதி எழுதி, போன்காரரிடம் கையெழுத்து வாங்குவாள். அதன்பின் சரியான பேட்டரி போட்டு, சார்ஜ் ஏறும் தகடுகளைத் துடைத்து, சூடேறுகிறதா என்று ஒரு மணி நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். மூன்று வருடத்தில் இருபத்தாறு உறை சேர்ந்தது. ஒவ்வொரு உறைக்கும் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்துபோகும். வீட்டுக்காரருக்கு அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தால் பயம்.

இருந்தும் ஒரு போன் குறைந்தது. நாலாம் நம்பர் ஒட்டிய அந்த உருகிய போன். அது தையல்கார அம்மாவிடமே இருந்தது. ஊசி இரண்டு முறை போய்க் கதவைத் தட்டினாள். இரண்டு முறையும் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம்தான் பதில்.

ஒரு முற்பகல், முன்பின் தெரியாத ஒரு பெண் ஜன்னலருகே வந்து நின்றாள்.

"வீட்டுக்கு வந்து பாக்க முடியுமாக்கா? ரிசீவர் கொதிக்குது. மாமனாரு படுத்த படுக்கை, தலைமாட்டுல அதுதான் இருக்கு. எங்க வீட்டுக்காரரும் போன் ரிப்பேருதான். நாளைக்குப் பாக்குறேன் நாளைக்குப் பாக்குறேன்னு மூணு மாசமாச்சு."

ஊசி பையை எடுத்துக்கொண்டு போனாள். மூன்று அறை வீடு. கூடத்துச் சுவரில் ஒரு குழுப் படம் மாட்டியிருந்தது. கடையின் முன்னால் எடுத்தது. நடுவில் முதலாளி, அவர் தோளோடு ஒட்டிக்கொண்டு சீனியர், கடைசி ஓரத்தில் பாதித் தோள் வெட்டுப்பட்டு ஊசியே நின்றுகொண்டிருந்தாள். அவள் படத்தைப் பார்த்தாள். அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "போன் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

உள்ளறையில் கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். தலையணைக்கு ஒரு சாண் தள்ளி ரிசீவர் சார்ஜ் ஏறும் தன் பெட்டியில் நின்றது. தொட்டாள். இஸ்திரிப் பெட்டி ஆறிக்கொண்டிருப்பது போலச் சூடு. லைன் வயரைப் பிடுங்கினாள், அடாப்டரைப் பிடுங்கினாள், எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து ஆறவிட்டாள். பிறகு பேட்டரியைக் கழற்றி மேலுறையைக் கீறினாள். காப்புத் துண்டு இருக்க வேண்டிய இடத்தில் கம்பி. இரண்டு சுற்று வலம், ஒரு சுற்று இடம்.

சொந்த வீட்டிலேயே இதைச் செய்திருக்கிறான்.

கத்தியைக் கீழே வைத்தாள். அவள் எதையும் செய்யவே வேண்டாம். மூடி வைத்துவிட்டு, "சூடு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு எழுந்தாலே போதும். மூன்று வருடம் அவள் கேட்டதெல்லாம் அந்தப் பேட்டரிக்குள் தயாராக உட்கார்ந்திருந்தது. யாரும் அவள்மேல் பழி போட முடியாது, கம்பி அவனுடையது. அவள் ஒருகணம் அதை நினைத்தாள், பொய் சொல்வானேன், ருசித்தே நினைத்தாள். உள்ளே கிழவர் இருமினார். அதைவிட வேறொன்றும் தோன்றியது. வீடு எரிந்தால் ஊர் அவனுக்காக அழும். வீட்டுக்கு வீடு அவன் 'பாவம்' ஆகிவிடுவான். அந்த வார்த்தையை அவனுக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை. அவன் நல்ல உடம்போடு, நல்ல வெளிச்சத்தில், நாலு பேர் முன்னால் நிற்க வேண்டும்.

பையிலிருந்து புதுப் பேட்டரியை எடுத்தாள். சிவப்பு வயர், கறுப்பு வயர் இடம் பார்த்துச் செருகினாள். மூடி வயரை நசுக்காதபடி ஓரமாகப் பதித்தாள். அடாப்டர் தரும் வோல்ட்டும் பெட்டியில் கேட்டிருந்த வோல்ட்டும் ஒன்றுதானா என்று மீட்டர் வைத்துப் பார்த்தாள். ஒன்றுதான். அதன்பிறகு பழைய பேட்டரியை அந்தப் பெண்ணின் முன்னால் நகர்த்தி வைத்து, கம்பி என்ன, காப்புத் துண்டு என்ன, அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று மெதுவாகச் சொன்னாள். தையல்கார அம்மாவின் காதைப் பற்றியும் சொன்னாள். கடைசியாகப் படத்தின் ஓரத்தைக் காட்டி, தான் யார் என்று சொன்னாள்.

அந்தப் பெண் எழுந்து படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். உள்ளறைக் கதவைப் பார்த்தாள். "பேசிப் பாத்துச் சரியாயிருக்கான்னு சோதிக்கணும்ல? கடைக்கே போடுங்கக்கா" என்றாள்.

ஊசி அடாப்டரையும் லைன் வயரையும் மறுபடி செருகி, பெட்டியிலிருந்த ஸ்பீக்கர் பொத்தானை அழுத்திவிட்டுக் கடை எண்ணைத் தட்டினாள். எண் அவளுக்கு மனப்பாடம்.

"சொல்லும்மா" என்றது சீனியர் குரல். வீட்டு எண்ணைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்.

"போன் சரியாயிடுச்சு."

"யாரு பேசறது?"

"ஊசி."

மறுமுனையில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது.

"எங்கிருந்து பேசற?"

"நம்பரைப் பாருங்க சீனியர். உங்க சாப்பாட்டு மேசையில உக்காந்திருக்கேன். உங்கப்பா தலைமாட்டுல இருந்ததைத் திறந்து வெச்சிருக்கேன். உள்ள உங்க முடிச்சு."

"இந்தா பாரு, பழசையெல்லாம்... நான் உன்கிட்ட வந்து பேசறேன். என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் எதுவும் சொல்லிடாத."

"பக்கத்துலதான் இருக்காங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

அந்தப் பெண் குனிந்து பெட்டியிடம் பேசினாள். "நாளைக்குப் பத்து மணிக்குக் கடையில இருங்க. லீவு போட்டுறாதீங்க." அவளே பொத்தானை அழுத்தி அணைத்தாள்.

அன்று மாலையே இருவரும் தையல்கார அம்மா வீட்டுக்குப் போனார்கள். இந்த முறை கதவைத் தட்டியது சீனியரின் மனைவி. தாழ்ப்பாள் திறந்தது.

மறுநாள் பத்து மணிக்குக் கடையின் கண்ணாடி மேசைமேல் இருபத்தாறு உறைகளை ஊசி வரிசையாகப் பரப்பினாள். சீட்டு விளையாடுகிறவள் போல, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். சீனியரின் மனைவி இருபத்தேழாவதை வைத்தாள். தையல்கார அம்மா உருகிய போனைப் பையிலிருந்து எடுத்து, "இப்பவாவது திறங்க" என்று முதலாளியிடம் நீட்டினார். முதலாளி வியாபார நேரம், வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். நின்றவர்கள் போகவில்லை, இன்னும் கிட்டே வந்தார்கள். திறந்தார். கருகிய கம்பி. இரண்டு வலம், ஒன்று இடம்.

"யாரு முடிச்சு இது?" என்று தையல்கார அம்மா சீனியரைக் கேட்டார்.

சீனியர் மனைவியைப் பார்த்தார். அவள் வேறெங்கும் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கைதான்" என்றார்.

ஊசிக்கு உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி இறங்கியது. அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. பசித்தது.

முதலாளி உடனே குரலை இனிப்பாக்கிக்கொண்டு, "நடந்தது நடந்துபோச்சு. நாலாம் மேசை உனக்காகக் காத்துக்கிட்டிருக்கும்மா" என்றார்.

"மேசை இருக்கட்டும். நீங்க அன்னைக்கு ஒரு திருகாணியைக் கழட்டியிருந்தா போதும். கழட்டல. உங்க கிட்ட வேலை பாக்க மாட்டேன்." பிறகு சீனியர் பக்கம் திரும்பினாள். "நீங்க எழுதித் தரணும். கடைத் தாள்ல, உங்க கையெழுத்துல. என்ன பண்ணினீங்க, யார் மேல போட்டீங்க, ரெண்டும். முன் கண்ணாடியில முப்பது நாள் ஒட்டியிருக்கணும்."

"அவனை வேலையை விட்டே தூக்கிடறேன்" என்றார் முதலாளி.

"முப்பது நாள் கழிச்சுத் தூக்குங்க. அதுவரைக்கும் அந்தத் தாளுக்குப் பின்னாடி அவர் உக்காந்திருக்கணும்."

வெளியே வந்ததும் தையல்கார அம்மா அவள் கையைப் பிடித்தார். "உன்னைப் பத்தி நானும் வாய்க்கு வந்தபடி சொல்லிட்டேனே தாயி."

"சொன்னீங்க. யார் யார்கிட்ட சொன்னீங்களோ, ஒருத்தர் விடாம மாத்திச் சொல்லுங்க."

அவரும் சொன்னார். துணி அளவு எடுக்கும்போதெல்லாம் சொன்னாராம்.

அந்த மாதம் ஊசி எதை வாங்கப் போனாலும் கடைத்தெரு வழியாகச் சுற்றித்தான் போனாள். கண்ணாடி முன்னால் நின்று, முதல் முறை படிப்பவள் போல முழுதும் படிப்பாள். உள்ளே சீனியரின் தலை குனியும். இரண்டு வாரத்தில் வெயில் பட்டு மை வெளிறிவிட்டது. ஊசி உள்ளே போய்ப் பேனாவை மேசையில் வைத்தாள். "எழுத்து தெரியல. மறுபடி எழுதுங்க." எழுதினார்.

பத்தொன்பதாம் நாள் அவர் மனைவியோடு ஜன்னலுக்கு வந்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் சிரிக்கிறார்கள், இதோடு விட்டுவிடக் கூடாதா என்று கேட்டார். மனைவி அவருக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. மாமனார் ராத்திரி நன்றாகத் தூங்குகிறார் என்று மட்டும் ஊசியிடம் சொன்னாள்.

"இன்னும் பதினொரு நாள் இருக்கு" என்றாள் ஊசி, கையிலிருந்த ரிசீவரைத் திறந்தபடியே.

வீட்டுக்காரர் பிறகு, கொஞ்சம் இரங்கியிருக்கலாமே என்றார். இரங்கலாம்தான் என்று அவளும் ஒப்புக்கொண்டாள். இரங்கவில்லை. முப்பத்தோராம் நாள் தாள் இறங்கியது, சீனியர் ஏதோ கிடங்கில் வேலைக்குப் போய்விட்டார் என்று யாரோ வந்து சொன்னார்கள். அதைக் கேட்க அவளுக்கு நேரமில்லை. ஜன்னலுக்கு வெளியே நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். முதல் ஆளிடம் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்: "பேட்டரியைக் கழட்டிட்டுதானே கொண்டுவந்தீங்க?"