ஜானட் ரக்பி பார்க்கப் போனாள்

கபடியில் ஜானட்டுக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. ராயபுரத்துத் தெருக்களில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூட நாளில் வலது மூலையில் நின்று அவள் கணுக்காலைப் பிடித்தால், 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு வந்தவள் அதோடு காலி. கல்யாணம் ஆயிற்று, திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் மூட்டை எண்ணுகிற டேலி வேலை கிடைத்தது, உடம்பும் போட்டுவிட்டது. கபடி மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருப் பிள்ளைகளை மணலில் புரட்டி எடுப்பாள். அந்தப் பிள்ளைகளில் அவள் பெற்றதும் ஒன்று. ஜெஸ்வின், பத்தாம் வகுப்பு. பாடப் போனான் என்றால் லேசில் யார் கையிலும் சிக்க மாட்டான்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குள் ரக்பி எப்படி நுழைந்தது? எல்லாம் துரை சார் பண்ணிய வேலை. ஜெஸ்வின் பள்ளியின் விளையாட்டு வாத்தியார். எங்கிருந்தோ முட்டை மாதிரி இரண்டு பந்துகளை வாங்கிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் ஆடுகிற இந்த ரக்பியில் ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். கபடியிலும் ஏழு பேர். அப்புறம் என்ன, பள்ளியின் கபடி அணியை அப்படியே அலாக்காகத் தூக்கி, இதுதான் ரக்பி அணி என்று சொல்லிவிட்டார். மனிதருக்கு வேலை மிச்சம்.

ஜானட் முதலில் சிரித்தாள். போன வாரம் துரை சார் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தபோதுதான் அவளுக்குச் சிரிப்பு நின்றது. ஒடிசாவில் ரக்பிக்கென்று ஒரு விடுதி இருக்கிறதாம். சாப்பாடு, படிப்பு எல்லாம் அங்கேயே, இரண்டு வருஷம். சனிக்கிழமை பெரம்பூரில் நடக்கிற ஆட்டத்துக்கு, ஆள் பொறுக்க ரூத் மேடம் என்று ஒருவர் வருகிறாராம். பையனைப் பிடித்துவிட்டால் அங்கேயே கேட்பாராம். அனுப்புகிறோமா இல்லையா என்று அப்போதே சொல்லிவிட வேண்டுமாம்.

"ஒடிசா எங்க சார் கீது?"

"ரயில்ல ஒரு நாளு ஆவும்க்கா."

"ஒரே புள்ள சார் எனக்கு."

"அதுக்குத்தான்க்கா சொல்றேன்" என்றார் துரை சார். எதற்குத்தான் என்று அவளுக்கு விளங்கவில்லை.

புருஷன் லூயிஸைக் கேட்டாள். "நீ இன்னா சொல்றியோ அதான்" என்று சொல்லிவிட்டு மறுநாளே காசிமேட்டில் போட் ஏறிவிட்டான். ஆழ்கடலுக்குப் போனவன் திரும்ப ஒரு வாரம் பத்து நாள் ஆகும். நல்ல ஆள், போங்கள்! பையனைக் கேட்டாள். "தெர்லம்மா" என்றான். ஆசையாகச் சொன்னானா, பயந்து சொன்னானா, அதுவும் பிடிபடவில்லை.

கபடி என்றால் அவளுக்கு வழி தெரியும். மாவட்டம், மாநிலம், அப்புறம் ரயில்வேயிலோ துறைமுகத்திலோ விளையாட்டுக் கோட்டாவில் ஒரு வேலை. தெருவில் அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள். ரக்பி ஆடி வேலைக்குப் போனவன் என்று ஒருத்தனை யாராவது காட்டட்டும் பார்ப்போம்! யோசித்து யோசித்துத் தலைவலிதான் மிச்சம். கடைசியில் 'மாட்டேன்' என்று சொல்வதாக முடிவு கட்டிக்கொண்டுதான் பெரம்பூருக்குப் பஸ் ஏறினாள்.

ஆட்டம் ஆரம்பித்ததும் அவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல ஆகிவிட்டது. முன்னால் ஓட வேண்டியவர்கள் பந்தைப் பின்னால் எறிகிறார்கள். தொட்டால் அவுட் கிடையாது. யாரும் பாடவில்லை, யாரும் மூச்சுக் கட்டவில்லை. ஒருவன் மேல் ஒருவன் விழுந்து கிடக்கிறான், கேட்டால் அதுதான் ஆட்டமாம். நம் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் கை கோத்துச் சங்கிலி கட்டி நின்றார்கள். எதிரணிப் பையன் பந்தை ஓரத்தில் நின்றவனுக்குத் தட்டிவிட்டான், அவன் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு சாவகாசமாகக் கடைசிக் கோட்டைத் தாண்டினான்.

கொஞ்ச நேரத்தில் ஜெஸ்வினிடம் பந்து வந்தது. இருவர் சேர்ந்து அவனைக் கீழே சாய்த்தார்கள். அவன் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தான்.

"வுடாத நைனா! கெட்டியா புடிச்சுக்கோ!" என்று ஜானட் எழுந்து நின்று கத்தினாள்.

விசில் ஊதினார்கள். பந்து எதிரணிக்குப் போய்விட்டது.

"இன்னா சார் இது அநியாயம்? புடிச்சினு தான இருந்தான்?" என்று பக்கத்தில் நின்ற துரை சார் மேல் பாய்ந்தாள்.

"அதான்க்கா தப்பு. கீய வுயுந்துட்டா பந்த உடனே வுட்டுடணும்."

"கையில கீறத ஏன் சார் வுடணும்?"

துரை சாரே போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டவர், பாவம். "ரூல்ஸ் அப்டிக்கா" என்று முடித்துக்கொண்டார்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் நம் பிள்ளைகள் கொஞ்சம்தான் பின்தங்கி இருந்தார்கள். எதிரே தெரிகிற கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஒருமுறை வைத்துவிட்டால் ஜெயித்த மாதிரி. அந்தச் சமயத்தில்தான் ஜெஸ்வின் கையில் மறுபடியும் பந்து சிக்கியது.

என்ன ஓட்டம்! சும்மா சொல்லக்கூடாது, ஒருவனை இடது பக்கம் ஏமாற்றினான், இன்னொருவன் கைக்குக் கீழே புகுந்து வந்தான். அது கபடியில் ஜானட் சொல்லிக் கொடுத்த நெளிவு. வயிறு குலுங்க அவளும் மைதானத்து ஓரமாகவே ஓடினாள். கோட்டுக்கு ஒரு கை தூரம் இருக்கும்போது பின்னாலிருந்து ஒருவன் கணுக்காலைப் பிடித்துவிட்டான். ஜெஸ்வின் விழுந்தான். பந்து வைத்திருந்த கை இரண்டையும் யாரும் பிடிக்கவில்லை. முன்னால் நீட்டி வைத்தால் போதும், முடிந்தது கதை.

அவன் உடம்பை முறுக்கித் திரும்பினான். பந்தோடு இரண்டு கையையும், தான் ஓடிவந்த பக்கமே எக்கி எக்கி நீட்டினான். அங்கே நம் ஆள் ஒருவர்கூட இல்லை. எதிரணிப் பையன் பந்தை அள்ளி வெளியே உதைத்தான். விசில். ஆட்டம் முடிந்தது.

"முன்னால வெச்சிருந்தா முடிஞ்சிருக்கும்! இவன் ஏன் பின்னால வெச்சான்?" துரை சார் தலையில் அடித்துக்கொண்டார். ஏன் என்று அந்த மைதானத்தில் ஜானட் ஒருத்திக்குத்தான் தெரியும். பாடப் போனவன் பிடிபட்டால் தேட வேண்டியது முதுகுக்குப் பின்னால் இருக்கிற நடுக்கோட்டை. எத்தனை பேர் மேலே விழுந்தாலும் கை நம்ம பக்கம் வந்துவிட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே அவன் காதில் ஓதியவள் அவள்தான்.

ரூத் மேடம் நேராக அவளிடம் வந்தார். ஒரு காலத்தில் ரக்பி ஆடியவராம், மூக்கு லேசாகக் கோணியிருந்தது. "எனக்கு அந்த ஓட்டம் போதும்மா. கீழ விழுந்ததும் பந்தைப் பின்னால வைக்கிறது இருக்கே, அதுவே சரியான பழக்கம்தான். கூட ஒருத்தன் வந்திருந்தா எடுத்திருப்பான். கோடு கண்ணெதிர்ல இருக்கும்போது மட்டும்தான் அது தப்பு."

"அப்போ சரிங்கறீங்களா, தப்புங்கறீங்களா மேடம்?"

"ரெண்டும்தான்" என்று சிரித்தார் ரூத் மேடம். "அனுப்புவீங்களா?"

மாட்டேன் என்ற சொல் ஜானட்டின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் ஜெஸ்வின் முந்திக்கொண்டான். முழங்கை எல்லாம் சிராய்ப்பு, முகம் செத்துப் போயிருந்தது.

"வேணா மேடம். எனக்கு இந்த ஆட்டம் வராது. நா எங்கம்மா கூடவே கபடி ஆடிக்கினு கீறேன்."

இதைத்தானே அவள் மாதாவிடம் ஒரு வாரமாக வேண்டிக்கொண்டிருந்தாள்? கேட்டதும் குளிர்ந்திருக்க வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை. எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ, பையன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஏன்டா திரும்புன? கோடு மூஞ்சிக்கு நேரா கீதே, கண்ணு தெர்ல?"

"தெர்ஞ்சுதும்மா." அவன் தன் கைகளையே பார்த்தான். "கை தானா இந்தப் பக்கம் வந்துச்சி. நா இன்னா பண்ண?"

ஜானட்டுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் அவன் முகத்து மண்ணைத் துடைத்தாள், தன் மூக்கையும் துடைத்துக்கொண்டாள், ரூத் மேடம் பக்கம் திரும்பினாள்.

"இட்டுகினு போங்க மேடம். நா கத்துக்குடுத்தது பூரா மறந்தாத்தான் இவன் உருப்படுவான். அதுவரைக்கும் வூட்டுக்கு அனுப்பாதீங்க."

ரூத் மேடம் தலையசைத்துவிட்டு ஜெஸ்வின் தோளில் கை வைத்தார். ஜானட் துரை சாரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"சார்," என்றாள், "இப்போ நா இன்னா சார் சொன்னேன்?"