தபால் பெட்டியைத் தாண்டாத மிஷின்

ரெய்னோ ஹக்காலாவின் பனி வாரி இறைக்கும் மிஷின் கொட்டகைக்குள் சமத்தாக ஓடும். வெளியே தள்ளிக்கொண்டு போய்த் தபால் பெட்டியை எட்டுவதற்குள் விக்கும், திணறும், செத்துப்போகும். ஒரு வாரமாக இதே கூத்து. அமெரிக்காவின் வடகோடியில், பனி கொட்டும் ஹான்காக் ஊரில் ஜனவரி மாதம் மிஷின் படுத்துவிட்டால் வீட்டு ஆம்பிளையே படுத்துவிட்ட மாதிரிதான். விசாரிக்க வருகிறவர்களும் முகத்தை அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள்.

அவர் மனைவி லெம்பிக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். பனியே பார்க்காத ஃபுளோரிடாவில் இருக்கும் தங்கச்சி ஐலி வருஷா வருஷம் கூப்பிடுகிறாள். ரெய்னோ வருஷா வருஷம் தட்டிக்கழிக்கிறார். இந்தத் தடவை எரிச்சலில், "சனிக்கிழமைக்குள்ள இது ஓடலேன்னா கிளம்பிடலாம், போதுமா?" என்று வாயை விட்டுவிட்டார். லெம்பி அன்றைக்கே கோடை உடுப்புகளை எடுத்து இஸ்திரி போட்டாள்.

மனுஷர் விடுவாரா? பழைய பெட்ரோலைக் கொட்டிப் புதுசு ஊற்றினார். ஸ்பார்க் பிளக்கை மாற்றினார். பெட்ரோல் பங்க்காரனைத் திட்டினார். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டார்.

"என் கேக் தட்டுல என்ன அது?"

"கார்புரேட்டர்."

"நாளைக்கு அதுல கேக் பண்ணினா நீதான் முதல்ல தின்னணும், சொல்லிட்டேன்."

"நல்லா கழுவித்தான் வெச்சிருக்கேன்."

"கார்புரேட்டரையா, தட்டையா?"

சனிக்கிழமை காலை சாலையைச் சுத்தம் செய்யும் வண்டி வழக்கம்போல அவர்கள் வீட்டிலிருந்து சாலைக்கு வரும் வழியின் வாயில் இடுப்புயரத்துக்குப் பனிச்சுவர் எழுப்பிவிட்டுப் போனது. ரெய்னோ மிஷினைத் தள்ளிக்கொண்டு போனார். தபால் பெட்டி அருகே அது செத்தது. கயிற்றை இழுத்தார், இழுத்தார், கெட்ட வார்த்தையும் சொன்னார். எதிர்வீட்டு நோர்பர்ட் தன் மிஷினோடு வந்து நின்றான்.

"அண்ணே, நீங்க உள்ள போய் சூடா காப்பி குடிங்க. நான் ரெண்டே நிமிஷத்துல எடுத்துடறேன்."

அவன் நல்லவன், அதுதான் கொடுமை. அவன் வீட்டு வாசலை அவன் எழுந்திருக்கும் முன்பே சுத்தம் செய்து வைத்து இத்தனை காலம் பெருமைப்பட்டவர் ரெய்னோ. இன்று தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். லெம்பி அதை ஜன்னல் வழியே பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம் என்று நினைத்தாள்.

உள்ளே வந்தவர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "ஐலிக்கு ஃபோன் பண்ணு. வர்றோம்னு சொல்லு."

ஜெயித்தாயிற்று. ஆனாலும் லெம்பி ஃபோன் பக்கம் போகவில்லை. அவர் விட்டுவிட்டு வந்த கையுறையை எடுத்துவரப் போகிறேன் என்று வெளியே போனாள்.

பெட்ரோல் டேங்க் மூடியின்மேல், நிசு என்கிற இனிப்பு ரொட்டி வாங்கின பிளாஸ்டிக் கவர் ஒன்று ரப்பர் பேண்டு போட்டு இறுகக் கட்டியிருந்தது. அது மூடியோடு தோலாக ஒட்டிக்கொண்டிருந்தது. ரப்பர் பேண்டைத் தூக்கினாள். 'உஸ்' என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. காற்று உள்ளே போக மூடியில் இருக்கும் ஓட்டையை இந்தப் புத்திசாலி மனுஷர் அடைத்து வைத்திருக்கிறார்! கொட்டகையில் கவரைக் கழற்றி வைத்துச் சோதிப்பார், ஓடும். வெளியே போகும்போது பத்திரமாகக் கட்டுவார், செத்துப்போகும்.

கவரை மறுபடி மாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டால் போதும், ஃபுளோரிடா. விரல் விறைக்கும்வரை நின்றாள்.

"ரெய்னோ! வெளிய வா! யார் இதைக் கட்டினது?"

"பெட்ரோல்ல பனி விழக்கூடாதுன்னு நான்தான்..."

"அது மூச்சு விட வேண்டாமா? உன் மூஞ்சியில கட்டிப் பாரேன், எத்தனை தூரம் நடப்பேன்னு பாப்போம்!"

கயிற்றை ஒரே இழுப்பு. ஓடியது. தபால் பெட்டியைத் தாண்டியது. ரெய்னோ தன் வழியை, நோர்பர்ட் ஏற்கெனவே சுத்தம் செய்ததுதான் என்றாலும், மறுபடி சுத்தம் செய்தார்; அவன் வழியையும் செய்தார்; பிறகு தெருக்கோடிவரை, கேட்டவர் வீடு கேட்காதவர் வீடு எல்லாம் செய்தார். லெம்பி இஸ்திரி போட்ட உடுப்புகளை அடுத்த வருஷத்துக்கென்று மறுபடி பெட்டிக்குள் அடுக்கி, எரிச்சலோடு மூடினாள்.

மதியம் மூக்கு சிவக்க வந்தவர், "ஐலிகிட்ட பேசிட்டியா?" என்றார்.

"எதுக்கு? அதான் ஓடுதே."

"அதனாலதான் கேக்கறேன். ஓடாத மிஷினோட போயிருந்தா ஊரே துக்கம் விசாரிக்கும். இப்பன்னா நானா போறேன். நாம திரும்பி வர்ற வரைக்கும் மிஷினை நோர்பர்ட்கிட்ட ஒப்படைச்சுட்டேன், நம்ம வாசலையும் அவனே பாத்துப்பான்."

வாயை மூடிக்கொண்டிருந்தால், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அந்த ஆளைத்தானே கூட்டிப் போயிருப்பேன் என்று லெம்பி நினைத்தாள். ஃபோனை எடுத்தாள்.