ஜன்னலோரத்தில் படிக்கும் போன்கள்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சையைக் கரைத்துக் குடித்திருப்பது டிரஸ்ஸிங் ரூம் ஜன்னல்தான். மரக்காணத்தில் நாங்கள் இருக்கும் மூலையில் சிக்னல் அங்கே மட்டும்தான் எட்டிப் பார்க்கும். அதனால் டாக்டர், நர்ஸ் எல்லோருடைய போனும் அந்த ஜன்னல் திட்டில் வரிசையாக நிற்கும். உள்ளேயிருந்து நிபுணர்கள் ஆன்லைன் பாடம் நடத்துவார்கள், கேட்க ஆள் இருக்காது. நடுநடுவே 'இருக்கிறீர்களா?' என்று ஒரு பொத்தான் வரும். அமுக்காவிட்டால் பாடம் செல்லாது. அந்தப் பக்கம் போகிறவர் எல்லார் போனையும் அமுக்கிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். இப்படியே படித்துப் படித்து, சான்றிதழ் மாட்ட இடமில்லாமல் பெரிய டாக்டர் தன் அறைக் காலண்டரையே கழற்றிவிட்டார்.

நான் சின்ன டாக்டர். பாடத்தை நின்று பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு மட்டும் இருந்தது.

அன்று ஹீட் ஸ்ட்ரோக் பாடம். பாதியில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. உப்பளத்தில் வெயிலில் சுருண்டு விழுந்த பெண்ணை, உப்புக் குவியலை மூடும் தார்ப்பாயிலேயே கிடத்திக் கொண்டுவந்திருந்தார்கள். உடம்பு அனலாய்க் கொதித்தது. பக்கத்தில் அழுத புருஷனைப் பார்த்து யார் என்று கேட்டாள்.

"பாராசிட்டமால் ட்ரிப் போட்டு பாண்டிக்கு அனுப்பிடும்மா," என்றார் பெரிய டாக்டர். எங்களிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து பாண்டிதான்.

"சார், மொதல்ல குளிர வைக்கணும். இல்லன்னா வழியிலயே போயிடுவாங்க. இப்பதான் பாடத்துல சொன்னாங்க."

"எந்தப் பாடத்துல?"

"ஜன்னல்ல ஓடுதே, அதுல சார்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். பொத்தான் வந்திருந்தது போலும்; அமுக்கப் போய்விட்டார்.

வெளியே கூனிமேட்டு மீன் வண்டி நின்றிருந்தது. அதிலிருந்த ஐஸை எல்லாம் கொண்டுவரச் சொன்னேன். புருஷனும் ஆட்டோ டிரைவரும் நர்ஸும் தார்ப்பாய் முனைகளைத் தூக்கிப் பிடிக்க, நடுவில் ஐஸையும் தண்ணீரையும் கொட்டி அலசினோம். அவள் தலையைத் தண்ணீருக்கு மேலே நான் தாங்கிப் பிடித்திருந்தேன். வீடியோவில் ஐஸ் மீன் வாடை அடிக்கவில்லை.

சூடு மெல்ல இறங்கியது. அவள் கண்ணைத் திறந்து புருஷனை முறைத்தாள்.

"ஏன்யா, நான் என்ன வஞ்சிரமா? ஐஸ்ல போட்டு வெச்சிருக்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன் பிறகுதான் ஆம்புலன்ஸில் பாண்டிக்கு அனுப்பினேன்.

மீன் வாடையோடு ஜன்னலுக்கு வந்தேன். 'உங்கள் கவனம் போதவில்லை. பாடத்தை முதலிலிருந்து பார்க்கவும்' என்றது என் போன். வழக்கத்தை மீறி, பெரிய டாக்டர் அன்று தன் போனை மட்டும் அமுக்கியிருந்தார்.

தேறி வந்தவள் புருஷனோடு நேரே பெரிய டாக்டர் அறைக்குப் போனாள். ஹீட் ஸ்ட்ரோக் சான்றிதழ் சட்டம் போட்டுத் தொங்கியது. "இவ்ளோ படிச்சவரு இருந்ததாலதான் பொழைச்சா," என்று புருஷன் கும்பிட்டான். "அதுக்குத்தானே படிக்கிறோம்," என்றார் அவர்.

நான் ஜன்னலோரம் அதே பாடத்தை முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவர் போனில் வேறொரு பாடம். 'இருக்கிறீர்களா?' என்று கேட்டது. நான் அமுக்கவில்லை.