மொட்டைப் பனைக்கு மேலே வானம்

பூநகரிக் கடனீரேரிக் கரையில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். எதிரே தலையில்லாத நான்கு பனைகள். போனில் படமெடுக்கிறேன். மேலே வெறும் வானம் அதிகம். அதை வெட்டி, பனைகளின் உச்சியோடு படத்தை முடிக்கிறேன். கச்சிதமாக இருக்கிறது. அந்தப் பனைகளில் வலையைக் கட்டிக் காயவிடும் அக்கா ஒருவர் போனை எட்டிப் பார்க்கிறார்.

“வடிவாத்தான் இருக்கு. ஆனா மேல ஓலை இருக்கு, படத்துக்குள்ள அடங்கேல்லை எண்டெல்லோ பாக்கிற ஆக்கள் நினைப்பினம்?”

“ஓம் அக்கா, அப்பிடித்தான் நினைப்பினம்.”

“சண்டைக்குள்ள ஷெல் அடிச்சுத் தலை போன பனை, தம்பி. அந்தப் பழியை உங்கட போன் ஏன் சுமக்குது?”

வெட்டிய வானத்தைத் திரும்பவும் சேர்க்கிறேன். படத்தில் பாதி வெறுமை. அழகு கெட்டால் கெடட்டும். அந்த வெறுமையில்தான் ஓலைகள் இருந்தன. இனி அதில் ஒரு நூலளவும் வெட்டமாட்டேன்.