பனிக்கிணற்றில் குங்குமம்

அந்தச் செம்புக் கூம்பைக் கண்டவுடனேயே அண்ணை கும்பிட்டுவிட்டார். கோதாரி அங்கேதான் தொடங்கியது.

நான் வந்து சேர்ந்த குளிர்நாட்டில், புவாண்ட்-கிளேர் என்ற ஊரில், கொதிகலன்களும் பம்புகளும் வாடகைக்கு விடுகிற சின்னக் கொம்பனி ஒன்றின் கிட்டங்கியில் நானும் அண்ணையும் பொதி கட்டுகிறவர்கள். அண்ணை என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. நாங்கள் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் எனக்கு மேல்வீட்டுக்காரர். அந்த வேலையை எடுத்துத் தந்தவர், தந்ததை நாளுக்கு மூன்று தரம் ஞாபகப்படுத்துகிறவர். இரண்டாயிரத்துகளின் தொடக்கம். மனைவி அப்போது யாழ்ப்பாணத்தில். அவளைக் கூப்பிட முதலாளியின் வேலைக் கடிதம் வேண்டும். கோடை முடியட்டும், தருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

அந்தக் கோடையில் முதலாளிக்கு ஒரே விசர். உலகப் போர்க்காலத்தில் கிரீன்லாந்துப் பனியில் விழுந்த விமானம் ஒன்று, மேலே மேலே பனி கொட்டி, இருபது மாடி ஆழத்தில் கிடக்கிறதாம். அவருடைய அப்பா அதில் வானொலிக்காரராகப் பறந்தவர். எண்பது தாண்டிவிட்டது. கண் மூட முன் அதைக் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். கூம்பைச் சுற்றியிருக்கும் குழாயில் சுடுதண்ணீரை ஓடவிட்டுச் சங்கிலியில் தொங்கவிட்டால், அது பனியை உருக்கிக் கிணறு மாதிரி இறங்கும். உருகிய தண்ணீரைப் பம்ப் இறைத்துவிடும். ராடார் காட்டிய இடங்கள் இரண்டு. கையில் இருந்த எரிபொருளோ மட்டுமட்டு.

கூம்பைத் துறைமுகத்துக்கு ஏற்றுகிற நாளில், தூரப்பயணம் போகிற இயந்திரத்தை வெறுமனே அனுப்பக்கூடாது என்று அண்ணை ஒற்றைக்காலில் நின்றார். கற்பூரம் கொளுத்தினால் நெருப்பு மணி அடிக்கும் என்று நான் கத்தினேன். கடைசியில் கோயில் குங்குமத்தில் இணங்கினோம். ஒரு சிட்டிகை போதாதா? பனி நாட்டுக்கு ஒரு கைப்பிடி வேணுமாம். நனையாதபடி பிளாஸ்டிக் பையில் கட்டி, குழாய்ச் சுருளுக்கு உள்ளே செருகினோம். செருகியது நான். அண்ணையின் விரல்கள் தடித்தவை.

மூன்று கிழமை கழித்து, முதலாளி கிரீன்லாந்துக்கு அனுப்பிய ஆட்களின் முகாமிலிருந்து தொலைபேசி வந்தது. முதல் கிணறு அடிவரை போயும் ஒன்றுமில்லை, இரண்டாம் இடத்துக்குப் போகலாம் என்று கூம்பைத் தூக்குகிற நேரத்தில், பம்ப் சிவப்புத் தண்ணீரைக் கக்கியிருக்கிறது. அந்தக் கால விமானங்களில் ஓடிய எண்ணெய் சிவப்பு. வேறென்ன வேண்டும்? மிச்ச எரிபொருள் முழுவதையும் அந்தக் கிணற்றிலேயே செலவழிக்கப் போகிறார்களாம். முதலாளி ஓடிவந்து எங்கள் இருவரையும் கட்டிப்பிடித்தார். அவருடைய தோளுக்கு மேலாக நானும் அண்ணையும் முழுசிக்கொண்டு நின்றோம்.

அவர் போனதும் அண்ணை என் கையைப் பிடித்தார்.

"வாயைத் திறந்தியோ, மனுசி அங்க, நீ இங்க."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. குங்குமம் யாருடையது, யோசனை யாருடையது? கேட்டேன். சுருளுக்குள்ளே செருகச் சொல்லி நான் சொன்னேனா என்று திருப்பிக் கேட்டார் மனுசன்.

மத்தியானம் முதலாளி எங்களுக்கு முன்னாலேயே அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தார். "அப்பா, கண்டுபிடித்துவிட்டோம்" என்று சொல்லும்போது அழுதார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அண்ணையின் சட்டைப் பையில் எப்போதும் கிடக்கிற குங்குமச் சரையைப் பறித்து, ஒரு கிளாஸ் தண்ணீரில் கொட்டிக் கலக்கி, முதலாளியின் முன் வைத்தேன். என் பிரெஞ்சை விட அந்தக் கிளாஸ் நன்றாகக் கதைத்தது. அவர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மேலே போய் முகாமை அழைத்தார்.

முகாம் இரண்டாம் இடத்துக்கு மாறியது. ஆறு நாள் முதலாளி எங்களுடன் கதைக்கவில்லை. வேறு வேலை பார் என்று அண்ணை எனக்குப் புத்தி சொல்லத் தொடங்கிவிட்டார். ஏழாம் நாள் கூம்பு உலோகத்தில் முட்டியது. விமானமேதான்.

அன்று முதலாளி என்னிடம் காரில் ஏறு என்றார். காரில் ஏற்றிக்கொண்டு போய் வேலையால் நிறுத்துகிற வழக்கம் இந்த நாட்டில் உண்டோ என்று யோசித்தபடி ஏறினேன். முதியோர் இல்லம் ஒன்றில் கொண்டுபோய் இறக்கினார்.

சக்கர நாற்காலியில் இருந்த கிழவருக்கு எல்லாக் கதையும் தெரிந்திருந்தது. என்னைக் கண்டதும் இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு, விமானத்தில் ஏறிய நாள் தன் தாய் தந்த மாதா பதக்கத்தை இருக்கைக்குக் கீழே தான் ஒளித்து வைத்ததாகச் சொன்னார். கப்டனுக்குத் தெரியாமல்தான். மகனுக்கே இன்றைக்குத்தான் சொல்கிறாராம்.

என் வாய் சும்மா இருக்குமா?

"ஆனால் விமானம் விழுந்துவிட்டதே" என்று கேட்டுவிட்டேன்.

"விழுந்ததுதான்" என்றார் கிழவர். "ஏறிய எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்."

முதலாளி சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். வேலைக் கடிதத்துக்கு உன் மனைவியின் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார்.