நாரை குடியேறிய வீடு

ஏப்ரல் 9, 2018, திங்கட்கிழமை. விடியற்காலை தொடங்கிய மழை ஓயவில்லை. மலைப்பனியும் உருகிச் சேர்ந்ததால், சாவா ஆறு கரையின் விளிம்பைத் தொட்டு ஓடியது.

ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டருக்கு மறுநாள் பிரெஸ்தோவாத்ஸ் ஊரில் எவரும் வேலைக்குப் போவதில்லை. ஆயினும் வெள்ளத் தடுப்புக் குழுவைச் சேர்ந்த ரதோய்கா வீடுவீடாக ஏறி இறங்கினாள். வயது, உடல்நிலை, துணைக்கு ஆள், படுக்கும் இடம் ஆகியவற்றைக் கேட்டு மதிப்பெண் இடுவது அவள் வேலை. மதிப்பெண் மிகுந்த வீட்டுக்கே படகு முதலில் போகும். ஊருக்கு இருந்தவை இரண்டே படகுகள்.

கிழவர் ஸ்தோயாதினின் வீட்டு வாயிலில் சிமெண்டுச் சிங்கங்கள் நனைந்து நின்றன. உள்ளே மூன்று மாடி வீடு. வியன்னாவில் இருக்கும் மகன் நெபோய்ஷா பணம் அனுப்பினான். செங்கல் சுமந்தவர் ஸ்தோயாதின். சாரத்திலிருந்து விழுந்து அவர் இடுப்பு எலும்பு முறிந்ததும் அப்போதுதான். ஆனால் அந்த வீட்டில் அவர் ஒரு நாளும் படுத்ததில்லை. மகன் குடும்பம் வந்து பிரிக்கட்டும் என்று மெத்தைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட விட்டுவைத்திருந்தார். உண்பதும் உறங்குவதும் கொல்லைப்புறத்தில், முற்றத்தைவிடத் தாழ்ந்த, கோடையில் சமைக்கவெனக் கட்டிய சிறு சமையலறையில். ஊரில் பலருக்கும் அதுவே வாழ்க்கை. எவரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

"மொதல்ல முட்டை மோதலாம், வா புள்ள" என்று ஸ்தோயாதின், ஈஸ்டர் வழக்கப்படி சாயமிட்ட சிவப்பு முட்டை ஒன்றை அவளிடம் நீட்டி, தானும் ஒன்றை எடுத்தார். உடையாத முட்டைக்கே வெற்றி; இரண்டையும் மோதியதில் அவள் முட்டைதான் நொறுங்கியது.

"மர முட்டையா மாமா? வருஷா வருஷம் நீங்களே ஜெயிக்கிறீங்க!"

"தோத்தவங்க பேச்சு அப்படித்தான் இருக்கும்."

அவள் சிரிப்பு சட்டென்று நின்றது. "ராத்திரி எங்க படுக்கிறீங்க?"

"மேல் மாடியில. வேற எங்க?"

"புகைபோக்கியில நாரை கூடு கட்டியிருக்கு. அடுப்பே மூட்டறதில்லையா?"

"கரண்ட் ஹீட்டர் இருக்கு. எம்மவன் என்ன பிச்சைக்காரனா?"

"மாமா, நீங்க சொல்றதத்தான் நான் எழுத முடியும். மேல் மாடின்னா படகு கடைசியாத்தான் வரும்."

"வரட்டும்."

அப்பனைக் கொல்லையில் கிடத்திவிட்டு அரண்மனை கட்டினான் என்று மகனை ஊர் ஏசக்கூடாது. அந்த ஒன்றே அவர் கவலை. ரதோய்கா அடுத்த வீட்டுக்குப் போனாள்.

கரைப்பக்கம் வெள்ள அபாயச் சங்கு ஊதியது. வாய்க்கால் நிரம்பி, தண்ணீர் முற்றத்தில் ஏறிச் சமையலறைக் கதவின் அடியில் நுழைந்தது. சொன்ன பொய்யை மெய்யாக்கிவிடலாம் என்று, கழுத்தில் தொங்கிய சாவியுடன் ஸ்தோயாதின் பெரிய வீட்டின் வெளிப்படியில் கால் வைத்தார். பளிங்குப் படிகள், கைப்பிடி இன்னும் பொருத்தப்படவில்லை. நான்காம் படியில் இடுப்பு பூட்டிக்கொண்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கீழே முதல் படி மூழ்கியது.

சங்கொலி கேட்டுத் திரும்பி ஓடிவந்த ரதோய்கா, முழங்கால் நீரில் நின்று அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கையில் தொலைபேசி இருந்தது. மறுமுனையில் படகுக்காரர் காத்திருந்தார்.

"படகு கிளம்பப் போகுது மாமா. மொதல்ல எந்த வீட்டுக்குன்னு நான் இப்பவே சொல்லணும். நீங்க எங்க படுக்கிறீங்க?"

"பின்னாடி, சமையலறையில."