சைக்கிளில் கட்டிய தலையணை

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. அந்த ஐந்தாவது ஆள் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் கடைசித் தங்கை. நான் கல்யாணமாகி வந்தபோது அவளுக்குப் பால்பல்கூட விழவில்லை. மாமியார் போன பிறகு என் கையால்தான் சோறு தின்றாள். அவளை நினைத்தால் என் கண் முன்னால் முதலில் வருவது அவள் முகம் அல்ல, ஒரு தலையணை. பச்சைக் கோடு போட்ட உறை, உள்ளே இலவம்பஞ்சு, நடுவில் ஒரு குழி. அது தலை வைத்துப் படுக்க அல்ல. வீட்டுக்காரரின் சைக்கிள் கேரியரில் பழைய டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தோம். தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்போம்; அந்த லயத்துப் பிள்ளைகள் அதைக் கண்டாலே, "தலகாணி வண்டி வருது லா!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடி வருவார்கள்.

அப்போது நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், இருந்தோம். எழுபதுகளின் நடுப்பகுதி. நானும் அவரும் மரம் வெட்டினோம், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தோம், அவள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தாள். ஒரு மழைக்காலத்தில் அவளுக்குத் தொண்டை வலி வந்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னேன், மிளகுப் பால் கொடுத்தேன், போய்விட்டது. எல்லோரும் மறந்துபோனோம். சில வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது, கூடவே ஒரு முட்டி வீங்கியது. மழையில் ஆடியிருப்பாள் என்று எண்ணெய் தேய்த்துவிட்டேன். இரண்டு நாளில் முட்டி வீக்கம் வற்றிவிட்டது, ஆனால் கணுக்கால் வீங்கியது. அது சரியாகிறது என்று பார்த்தால் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். வலி இப்படி வீடு மாறிக் குடியேறுவதை எங்கள் லயத்தில் யாரும் பார்த்ததில்லை. அதனால் யாரும் நம்பவும் இல்லை. "பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி குடுக்குறா" என்று அவள் அண்ணனே சொன்னார். காலையில் பெரட்டுக்குப் போய் ஆள் கணக்குக் கொடுக்க நின்றால் வேலை வாங்கும் மண்டோர் எல்லோருக்கும் முன்னால் கேட்பார்: "நேத்து முட்டி, இன்னைக்கி கணுக்காலு. நாளைக்கி மூக்கு வலிக்குமா லா ஒங்க வீட்டு மகாராணிக்கி?" சனம் சிரிக்கும். அந்தச் சிரிப்பு லயத்துக்கும் வந்து சேரும். வலியைவிட அதுதான் அந்தப் பிள்ளையை அழ வைத்தது.

நான் மட்டும் நம்பினேன். எனக்கு வைத்தியம் ஒன்றும் தெரியாது. வீங்கிய இடத்தில் கை வைத்தால் சுட்டது, அவ்வளவுதான். அழுகையை நடிக்கலாம், சூட்டை யார் நடிப்பது? அதோடு, பைப்படியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் தூக்கி வருவதற்குள் உட்கார்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். ஒரு நாள் வேலைக்குப் போகாமல் அவளைக் கூட்டிக்கொண்டு, அன்றைக்கு வந்த ஒரு லோரியில் கேட்டு ஏறி சுங்கை சிப்புட் போய், அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன்.

டாக்டர் சீனர், நடுவயது அம்மா. அவர் மலாயில் கேட்பதைத் தமிழ் தெரிந்த நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தர் எங்களுக்குச் சொன்னார். எங்கே வலிக்கிறது என்று கேட்டதற்கு என் நாத்தனார் பட்டென்று சொன்னாள்: "முட்டி. முட்டி மட்டுந்தான்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தேன். சொல்லிவிடாதீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அப்போதுதான் புரிந்தது. பல இடத்தைச் சொன்னதால்தானே பொய்க்காரி ஆனாள்? இங்கேயாவது நம்ப வேண்டும் என்று ஒரே இடமாகப் பிடித்துக்கொண்டாள். நான் கொஞ்சம் யோசித்தேன். பிறகு, "இல்ல மிஸ்ஸி, மறைக்கிறா. மொதல்ல முட்டி, அப்புறம் கணுக்காலு, அப்புறம் முழங்கை. ஒன்ன விட்டு ஒன்ன புடிக்கிது. கேக்க நல்லா இல்லதான், ஆனா அதான் நெசம்" என்றேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். முன்னால் தொண்டை வலி வந்ததா என்று கேட்டார். வந்தது என்றேன். குழாயை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். முன்பக்கம், முதுகுப்பக்கம், படுக்க வைத்து, உட்கார வைத்து. மிஸ்ஸி குனிந்து அவளிடம் சொன்னார்: "ஏம்மா, அப்படி ஓடிக்கிட்டே இருக்கிறதுதான் இந்த நோயோட அடையாளமே. அதப் போயி மறைச்சியே." அவள் அதற்கு, "அப்ப நான் பொய் சொல்லலயா மிஸ்ஸி?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது.

ருமாட்டிக் காய்ச்சல் என்றார்கள். எனக்குப் புரிகிற மாதிரி டாக்டர் ஒரு தாளில் நெஞ்சை வரைந்து காட்டினார். தொண்டையில் ஒரு கிருமி வருகிறது. அதை அடிக்கக் கிளம்பிய உடம்பு, ஆள் அடையாளம் தெரியாமல் தன் மூட்டுகளையே அடித்துவிடுகிறது, நெஞ்சையும் அடிக்கிறது. மூட்டு ஆறிவிடும். நெஞ்சுக்குள் ரத்தம் ஒரு பக்கமாகப் போவதற்குச் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. அவை புண்ணாகித் தழும்பு விழுந்தால் சரியாக மூடாது, திறக்காது. இவளுக்கு ஒரு கதவில் கொஞ்சம் கசிவு இருந்தது. எழுத்துத்தான் எனக்கு வராது, மரம் தெரியும். பட்டையோடு நிறுத்தி வெட்டினால் கித்தா மரம் புதுப்பட்டை கட்டிக்கொள்ளும். கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையில் பட்டுவிட்டால் அந்த இடம் முண்டு முண்டாகத்தான் வளரும், பிறகு வழவழப்பாகாது. மூட்டு பட்டை, நெஞ்சுக் கதவு கட்டை என்று வைத்துக்கொண்டேன். இனி ஒவ்வொரு தொண்டை வலியும் அதே காயத்தில் திரும்பக் கத்தி வைப்பது மாதிரி. அது வராமல் இருக்க, நன்றாக இருந்தாலும் மாதா மாதம் ஊசி, இருபத்தொரு வயது வரைக்கும்.

ஊசி சுங்கை சிப்புட்டிலேயே கிடைத்தது, ஆனால் தோட்டத்திலிருந்து அங்கே போகப் பஸ் இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் சைக்கிள் பழகினேன். விழுந்தேன், எழுந்தேன், யார் சிரித்தால் எனக்கென்ன? அந்த ஊசி மருந்து கெட்டியானது, இடுப்புக்குக் கீழே போடுவார்கள், அன்றைக்கு முழுக்க உட்கார விடாது. திரும்பி வருவது செம்மண் பாதை. அதற்குத்தான் தலையணை. அப்படியும் ஒவ்வொரு குழிக்கும் முதுகில் குத்துவாள். "அண்ணி, கல்லு பாத்து ஓட்டுங்க!" "கல்லு இல்லாத எடம்னா ஆத்துலதான்டி ஓட்டணும்!" அழுதுகொண்டே சிரிப்பாள்.

வருடங்கள் போயின. அவளுக்குப் பதினாறு வயது, தையல் பழகினாள், ஓடினாள், குதித்தாள். பைப்படியில் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்: "நல்லா இருக்கிற பிள்ளைய ஏன் குத்திக் குத்திக் கெடுக்கிற?" அவளும் அதையே பேச ஆரம்பித்தாள். "எனக்கு என்ன அண்ணி இருக்கு? போதும், விடுங்க" என்றாள். நான் அப்போது கடைசிப் பிள்ளைக்கு நிறைமாதம், சைக்கிள் ஏற முடியாது. வீட்டுக்காரர் லோரியில் மரப்பால் ஏற்றிப் போய்விட்டார். சண்டை போட்டேன். கடைசியில், "சரி, நானே போய்க்கிறேன்" என்று கேரியரிலிருந்து தலையணையை அவிழ்த்து வீட்டுக்குள் வீசிவிட்டுக் கிளம்பினாள். அவள் போன பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பாசார் கடைத்தெருவில் சுற்றிவிட்டு வந்து போட்டாச்சு என்று சொன்னால் நான் என்ன செய்வேன்? ஊசி போட்டதைக் குறித்துக் கொடுக்கும் ஆஸ்பத்திரி அட்டையைப் படிக்க எனக்குத் தெரியாது. அது அவளுக்கும் தெரியும். பாதையைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றேன். அடுப்பில் சோறு குழைந்தது.

வெயில் இறங்கும் நேரத்தில் வளைவில் சைக்கிள் தெரிந்தது. அவள் சீட்டில் உட்காரவில்லை. அந்தப் பாதை முழுக்க நின்றபடியே மிதித்துக்கொண்டு வந்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு. எனக்கு வேறு அட்டை வேண்டியிருக்கவில்லை. லயத்துக் கடையோரம் நின்றிருந்த மண்டோர் விடுவாரா? "ஏன் பிள்ள, சீட்டுல முள்ளா இருக்கு?" "முள்ளு சீட்டுல இல்ல மண்டோர் மாமா, எனக்குள்ள இருக்கு. நாளைக்கி வேற எடத்துக்கு ஓடிரும், வந்து பாருங்க!" என்றாள் அவள். கடையே சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு அவள் பக்கம் இருந்தது. வாசலுக்கு வந்து சைக்கிளைச் சாய்த்துவிட்டு முதலில் கேட்டது, "அண்ணி, தலகாணி எங்க?" என்றுதான். அதன் பிறகு ஒரு மாதம்கூட நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தோட்டத்தில் இன்று கித்தா இல்லை, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காடு. அவள் ஈப்போவில் இருக்கிறாள், தையல் கடை வைத்திருக்கிறாள். டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்து பார்க்க, இரண்டு பிள்ளை பெற்றாள். நெஞ்சில் அந்தச் சின்னச் சத்தம் இன்றும் கேட்கிறதாம். வருடத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டுகிறாள். கதவு தாங்கிக்கொண்டு நிற்கிறது. இப்போது முட்டி வலி எனக்கு. என்னுடையது ஓடுகிற வலி இல்லை, வயசு வலி, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாது. ஆஸ்பத்திரிக்கு அவள்தான் காரில் கூட்டிப் போகிறாள். முன்சீட்டில் எனக்கென்று ஒரு தலையணை போட்டிருக்கிறாள், அதற்கும் பச்சைக் கோடு போட்ட உறைதான், அவளே தைத்தது. போன வாரம் ரோட்டு மேட்டில் கார் தூக்கிப் போட்டதும், "கல்லு பாத்து ஓட்டுடி" என்றேன். "கல்லு இல்லாத எடம்னா ஆத்துலதான் அண்ணி ஓட்டணும்!" என்றாள்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் பேத்தி. கையை ஆற்றிக்கொள், கண்ணு. முட்டி மட்டும் என்று சுருக்கிவிடாதே. கணுக்கால், முழங்கை, ஓடின இடமெல்லாம் இருக்க வேண்டும். எங்கே, முதலிலிருந்து மெதுவாகப் படி, கேட்போம்.